4.9 மதிப்பெண், ஆனால் கணக்கு முடக்கம்

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். நாலு வருடமாக ஆப் டாக்சி ஓட்டுகிறேன், மதிப்பெண் 4.9. கார் வாடகைக்கு எடுத்தது, வாரம் 2,500 ரேண்ட். போன மாதம் 28ஆம் தேதி காலை, கிங் ஷாகா விமான நிலையச் சவாரிக்காக ஆப்பைத் திறந்தால் 'கணக்கு முடக்கப்பட்டது' என்று வந்தது. யாரோ புகார் கொடுத்தார்களாம். என்ன புகார் என்று கேட்டால் பதில் இல்லை. சட்டத்தில் எனக்கு வழி உண்டா?

பதில்: தம்பி, என் கண் முதலில் போனது அந்த 28ஆம் தேதிக்குத்தான். வேலைநீக்கம் என்று, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.வுக்குப் போவதானால் 30 நாளுக்குள் 7.11 படிவம் கொடுக்க வேண்டும். (உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், இது மற்றவர்களுக்காக.) தையல் ஆலையில் நான் சங்கப் பிரதிநிதியாக இருந்தபோது ஒரு பெண் 34ஆம் நாள் வந்து நின்றாள். அந்த நாலு நாள் தாமதத்தைப் பொறுக்கச் சொல்லி எழுதிய மனு, வழக்கைவிட நீளம். ஆகவே ஆப்பின் சாட்டில் மல்லுக்கட்டி நாளைக் கடத்தாதீர்கள். கட்டணம் கிடையாது; எதிராளிக்குப் பிரதி அனுப்பிய அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கு லேசானது என்று சொல்லமாட்டேன். 2017இல் சி.சி.எம்.ஏ., ஊபர் ஓட்டுநர்களை ஊழியர்கள் என்றது. 2018 ஜனவரியில் தொழிலாளர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், வழக்கில் இழுத்தது இங்குள்ள ஊபர் கம்பெனியை, ஓட்டுநர்களின் ஒப்பந்தமோ நெதர்லாந்துக் கம்பெனியோடு! அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கார்க்காரரோடு என்ன ஏற்பாடு என்பதையும் படிவத்தில் எழுதுங்கள்.

எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருவது போப்பியா எனும் தகவல் பாதுகாப்புச் சட்டம். கணினி மட்டுமே ஒருவரின் வேலையையும் நடத்தையையும் எடைபோட்டு, அவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை எடுக்கக் கூடாது என்கிறது 71ஆம் பிரிவு. ஒப்பந்தத்தைக் காட்டித் தப்பப் பார்த்தாலும், எதை வைத்து அப்படி முடிவானது என்று விளக்கி, உங்கள் பக்கத்தைச் சொல்ல இடம் தர வேண்டும். 23ஆம் பிரிவின்படி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலையும் கேட்கலாம். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டு, 'மனிதர் யாராவது இதைப் பார்த்தாரா?' என்று ஒரு வரி சேருங்கள். மழுப்பினால் தகவல் ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் செய்யலாம்.

அப்புறம், ஆப் இன்னும் உள்ளே விட்டால் சவாரிப் பட்டியல், வாரக் கணக்கு, மதிப்பெண் எல்லாவற்றையும் இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். காரில் டாஷ்கேம் உண்டென்றால் மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். வேறொருவர் அந்தக் காரை எடுத்து ஓட்டினால் பழைய பதிவு அழிந்துபோகும்.