ஒன்பது பந்துகளை வைத்து மேசையில் ஆடும் நைன்-பால் பூலில், ஜெயித்தவருக்கே மறுபடியும் பிரேக் (அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) கொடுப்பது நியாயமா?

முதல் பார்வைக்கு அநியாயம்தான். எதிராளி தன் முறையே வராமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோற்றுப்போக முடியும். 1996-இல் டல்லாஸில் அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் தொடர்ந்து 11 ரேக்குகளை (ஒரு ரேக் என்பது ஒரு ஆட்டம்) முடித்தார். அன்று எதிரே இருந்தவர் என்ன செய்திருக்க முடியும்? ஸ்னூக்கரில் பிரேக் மாறி மாறி வரும். ஆனால் அங்கே பிரேக் அடிப்பதால் பெரிய லாபம் கிடையாது.

என்னைக் கேட்டால், யார் அடிக்கிறார் என்பதைவிட பிரேக்கில் எவ்வளவு சுலபமாகப் பந்து விழுகிறது என்பதுதான் சிக்கல். அடுக்கின் முனையில் இருக்கும் 1-ஆம் பந்தை ஸ்பாட்டில் (மேசையில் குறித்த புள்ளியில்) வைத்து இறுக்கமாக அடுக்கினால், ஓரப் பந்து மெதுவான அடிக்கே மூலைக் குழியில் போய் விழும். அது திறமையா, அடுக்கின் தயவா? அதனால்தான் சில போட்டிகளில் அடுக்கின் நடுவில் இருக்கும் 9-ஆம் பந்தை ஸ்பாட்டில் வைக்கிறார்கள்; மொத்த அடுக்கும் முன்னே நகர்வதால் அந்த ஓரப் பந்து மூலைக்குப் போவதில்லை. அப்புறம், பிரேக்கில் குறைந்தது 3 பந்துகளாவது குழியில் விழவோ, பிரேக் அடிப்பவர் பக்கம் உள்ள மேல் கோட்டைத் தொடவோ வேண்டும் என்ற விதியும் உண்டு. மெல்லத் தட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது.

இவை இருந்தால், ஜெயித்தவரே பிரேக் அடிக்கட்டும். பின்தங்கியவர் எழுந்து வரும் ஆட்டம் அதில்தான் சுவாரசியம்.