கேள்வி நேரம்: வீட்டுப் பேச்சுல என்ன ஆராய்ச்சி?

கேள்வி: என் பொண்ணு குழந்தை வளர்ச்சி, குடும்ப எழுத்தறிவு பத்தி பிஎச்டி பண்ணப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வீட்டுல பேசுறது, கதை சொல்றது, இதுல வாழ்நாள் பூரா ஆராய என்னங்க இருக்கு?

பதில்: நிறைய இருக்கும்மா. அமெரிக்காவுல ஷெர்லி பிரைஸ் ஹீத்னு ஒரு மானிடவியல் ஆய்வாளர், 1969ல ஆரம்பிச்சு 1978 வரைக்கும் கரோலினா பக்கம் மில் தொழிலாளிங்க வாழ்ந்த ரெண்டு குடியிருப்புக்குப் போய் வந்துட்டே இருந்தாங்க, ஒண்ணு வெள்ளையர் குடியிருப்பு, இன்னொண்ணு கறுப்பினத்தவரோடது, ஊர் பேரை மறைச்சு ரோட்வில், ட்ராக்டன்னு வச்சாங்க. யார் யார்கிட்ட எப்படிப் பேசுறாங்க, எதை எதுக்காகப் படிக்கிறாங்கன்னு கூடவே இருந்து கவனிச்சாங்க.

ரோட்வில்ல அம்மாங்க புத்தகத்தைக் காட்டி "இது என்ன"ன்னு கேட்பாங்க, கதைன்னா நடந்ததை நடந்தபடிதான் சொல்லணும், கூட்டிச் சொன்னா பொய். அந்தப் பிள்ளைங்க சின்ன வகுப்புல நல்லாப் படிச்சுதுங்க, நாலாம் வகுப்பு வாக்குல சொந்தமா யோசிச்சு எழுதணும்னு வந்தப்ப திணறிடுச்சுங்க. ட்ராக்டன்ல வேற மாதிரி. தனக்கே பதில் தெரிஞ்ச கேள்வியை பெரியவங்க குழந்தைகிட்ட கேட்கிற வழக்கமே இல்ல, "இது எது மாதிரி இருக்கு"ன்னுதான் கேட்பாங்க, பிள்ளைங்க கற்பனை கலந்து கதை சொல்றதுல கெட்டி. ஆனா ஸ்கூல்ல டீச்சர் "இது என்ன கலர்"னு கேட்டா பேசாம நிக்கும், உடனே ஒண்ணும் தெரியலன்னு முடிவு கட்டிடுவாங்க. எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்க! கல்வியில சமநீதின்னு பேசுறவங்க எல்லாரும் முதல்ல இந்த இடத்தைத்தான் பார்க்கணும்னு நான் நினைக்கிறேன்.

ஹீத் டீச்சர்களோடயும் சேர்ந்து உட்கார்ந்து, பிள்ளைங்களோட வீட்டுப் பேச்சை வகுப்புக்குள்ள கொண்டுவர வழி பண்ணாங்க. 1983ல எல்லாம் புத்தகமா வந்துச்சு. அப்புறம் மில்லுங்க மூடி குடும்பங்க ஊர் ஊரா சிதறிப்போச்சு, அப்பவும் விடாம 300 குடும்பத்தைப் பின்தொடர்ந்து 2012ல இன்னொரு புத்தகம் போட்டாங்க. உங்க பொண்ணு கையில எடுக்கப்போறது இந்த மாதிரி வேலைம்மா, மத்தவங்க நம்மளை நம்பி அவங்க வீட்டுக்குள்ள சேர்த்துக்கணும், அதுக்கே வருஷக்கணக்கா ஆகும், தைரியமா அனுப்புங்க.

கேள்வி: ஏழை வீட்டுக் குழந்தைங்க மூணு கோடி வார்த்தை கம்மியா கேட்டு வளருதுங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: அது ஹார்ட், ரிஸ்லின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1995ல சொன்ன கணக்கு. அமெரிக்காவுல கான்சாஸ்ல அவங்க கவனிச்சது மொத்தம் 42 குடும்பம், அதுல அரசு உதவித்தொகையில வாழ்ந்தது ஆறே ஆறு. அந்த ஆறை வச்சு ஏழைங்க எல்லாருமே பேசாதவங்கன்னு உலகம் பூரா பரப்பிட்டாங்க. 2018ல ஸ்பெரிங்கிற ஆய்வாளரோட குழு அஞ்சு ஊர்ல பார்த்தப்ப அந்த இடைவெளி அப்படியே தெரியல, பாட்டி, அண்ணன், அக்கான்னு சுத்தி இருக்கிறவங்க பேசுறதையும் சேர்த்து எண்ணுனா கணக்கே மாறுது. அதனால குழந்தைகிட்ட பேசறது முக்கியமில்லன்னு ஆயிடாது, பேசத்தான் வேணும், நிறைய பேசணும்.

கேள்வி: எனக்கு வாசிக்க வராதுங்க. மூணு வயசுப் பேரனுக்கு நான் என்ன செய்யலாம்?

பதில்: படப் புத்தகம் ஒண்ணை விரிச்சு வச்சு அவனைக் கதை சொல்ல விடுங்கம்மா. நடுநடுவுல "அப்புறம் என்ன ஆச்சு, ஏன் அழறான்"னு கேளுங்க, அவன் ரெண்டு வார்த்தை சொன்னா நீங்க நாலு சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்க. 1988ல வைட்ஹர்ஸ்ட்ங்கிற ஆய்வாளரோட குழு, புத்தகம் படிச்சுக் காட்டுற அப்பா அம்மாவுக்கு இப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தப்ப ஒரே மாசத்துல குழந்தைங்க பேச்சு நல்லா முன்னேறியிருந்துச்சு. படத்தைப் பார்த்துக் கேட்கிறதுக்கு உங்களுக்கு எழுத்து தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.