பாறைச் சிப்பிக்கு ஓடு ஏன் கனம்?

கேள்வி: குளச்சல் பாறையில் எடுக்கும் சிப்பிக்கு ஓடு கனம், சதை குறைவு. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துப் படன்னக் காயலில் கயிற்றில் வளர்ப்பதற்கு ஓடு மெலிவு, சதை நிறைய. இரண்டும் வேறு இனமா?
– குளச்சல் வாசகர்

பதில்: பெரும்பாலும் ஆமாம். குமரிக் கரைப் பாறைகளில் அதிகம் கிடைப்பது பழுப்புச் சிப்பி. படன்னத்தில் வளர்ப்பது பச்சைச் சிப்பி. ஓட்டின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வயதான ஓடு நிறம் மங்கிவிடும். ஓட்டைத் திறந்து, சதையைச் சுற்றியுள்ள மடிப்பின் விளிம்பைப் பாருங்கள். பச்சையில் அது மஞ்சள் கலந்த பச்சை, பழுப்பில் பழுப்பு.

ஆனால் இனம் ஒன்றாகவே இருந்தாலும் இந்த வித்தியாசம் வரும். அலை மோதும் பாறையில் பிடி நழுவினால் உயிர் போய்விடும். அதனால் தின்னும் உணவில் பெரும்பங்கு, பாறையைப் பிடித்துக்கொள்ள உதவும் நார்க்கற்றைக்கும் ஓட்டுக்கும் செலவாகிறது. நீர் வற்றும்போது வெளியே தெரியும் மேல்பாறையில் இருப்பவை அந்நேரம் இரை எடுக்க முடியாது. வளர்ச்சி மந்தம், அளவில் சிறிதாக இருப்பது உண்மையில் வயதில் மூத்ததாக இருக்கலாம், ஓடு மட்டும் தடித்துக்கொண்டே போயிருக்கும். கயிற்றில் தொங்குவது நாள் முழுக்க நீரில் கிடக்கிறது, ஐந்தாறு மாதத்தில் 75–80 மி.மீ. எட்டிவிடுகிறது. மழை தொடங்குமுன் அறுவடை முடிக்க வேண்டும். காயல் நீரின் உப்பு சரிந்தால் கொத்துக் கொத்தாகச் சாகும்.

கேள்வி: ஒரே பாறையில் சில ஒல்லியாகவும் சில அகலமாகவும் இருப்பது ஏன்? எப்படி அளப்பது?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: நெருக்கடிதான் முக்கியக் காரணம். கொத்தின் நடுவில் இருப்பவை பக்கவாட்டில் விரிய இடமின்றி நீளவாக்கில் வளர்கின்றன. ஓரத்தில் இருப்பவைக்கு அந்தத் தடை இல்லை.

அளக்க வெர்னியர் காலிபர் போதும். கூர்முனையிலிருந்து பின்முனை வரை நீளம்; அதற்குக் குறுக்கே, ஓட்டின் அகன்ற இடத்தில் உயரம்; இரு ஓடும் மூடியிருக்கும்போது அவற்றின் மொத்தத் தடிமன்தான் புடைப்பு. உயரத்தையும் புடைப்பையும் நீளத்தால் வகுத்து ஒப்பிடுங்கள். இடத்துக்கு 30 சிப்பியாவது எடுங்கள். ஓட்டைச் சதை நீக்கி உலர்த்தி எடை போட்டால் கனமும் தெரியும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: 30 மி.மீ. குஞ்சையும் 80 மி.மீ. சிப்பியையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். வயது ஏறும்போது விகிதமும் மாறும். கிடைக்கும் வித்தியாசம் இடத்தால் வந்ததா வயதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. 50–60 மி.மீ. போல ஒரே அளவுக்குள் நில்லுங்கள். கொத்தின் நடுவா, ஓரமா என்பதையும் குறித்துவையுங்கள்.

கேள்வி: இடம் மாற்றினால் வடிவம் மாறுமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: படிந்த ஓடு மாறாது. புதிதாகச் சேரும் விளிம்பு புது இடத்துக்கு ஏற்ப வளரும். இடம் மாறிய அதிர்ச்சியில் வளர்ச்சி சற்று நிற்பதால் பல ஓடுகளில் அங்கே ஒரு வரி விழும். அதற்குப் பிந்திய பகுதியைத் தனியாக அளந்து பாருங்கள்.