நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது ஏன் குற்றம்?

காட்டு உயிரைப் பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் சட்டவிரோத வணிகச் சங்கிலியின் ஒரு கண்ணிதான். நட்சத்திர ஆமைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல். 2019இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) என்ற உலக நாடுகளின் ஒப்பந்தமும் காட்டில் பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் அழகே அதற்கு எமன். அசையாதபடி சாக்ஸுக்குள் திணித்து, பெட்டியில் அடுக்கிக் கடத்துகிறார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? முட்டையிடும் வயதுக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். இடுவதும் சில முட்டைகள்தான். மெதுவாக ஊறும் கிணற்றில் மோட்டார் வைத்து இறைப்பது போல, பிடிக்கும் வேகத்துக்கு இந்த இனத்தால் ஈடுகொடுக்க முடியாது.

சரி, கையில் கிடைத்ததைப் பக்கத்துக் காட்டில் விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; அங்குள்ள ஆமைகளுக்கு நோய் தொற்றக்கூடும் என்பதால் வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.