மஞ்சள் இல்லாத சிக்னல்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு 10 வயது, மகன்களுக்கு 6, 4. பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகிற ஹாலோவீனுக்குப் போன வருடம் கடையில் மூன்று உடை வாங்கியதில் 140 டாலர் போய்விட்டது. ஒரே ஒரு சாயங்காலம் போட்டதோடு சரி. இந்த முறை வீட்டிலேயே செய்யலாம் என்றிருக்கிறேன், ஆனால் எனக்குத் தைக்கத் தெரியாது. கறுப்புச் சட்டையில் ஃபெல்ட் துணி வட்டம் ஒட்டி, பெரியவன் சிவப்பு, சின்னவன் பச்சை என்று டிராஃபிக் சிக்னலாக அனுப்ப யோசனை. மகள் தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நானும் அவரும் போன வருட பில்லைப் பற்றிப் பேசியதைக் கேட்டாள் போலிருக்கிறது, பொறுப்பான பெண். தம்பிகளின் மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு அவளே வீடு வீடாகக் கூட்டிப்போகிறாளாம். வட்டங்களைத் தைக்காமல் எப்படி நிறுத்துவது? பழைய புடவையைக் கிழித்து முதுகில் கேப் மாதிரி கட்டலாமா?

பதில்: சகோதரி, வட்டம் ஒட்டுவது அரை மணி நேர வேலை. அதற்கு அப்புறம் வருகிறேன். மஞ்சள் இல்லாத சிக்னலை எந்த ஊரில் பார்த்தீர்கள்? மூன்று விளக்கு, உங்களுக்கு மூன்று பிள்ளைகள். தானாக அமைந்த பொருத்தத்தில் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் “பொறுப்பான பெண்” என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

“அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.” எனக்கு வரும் கடிதங்களில் தீபாவளித் துணி, பிறந்தநாள், ஸ்கூல் டூர் என்று எதை எடுத்தாலும் இந்த வரி இருக்கும். அப்படிச் சொன்னது பெரும்பாலும் மூத்த பிள்ளை, அதுவும் பெண் பிள்ளையாக இருக்கும். அமெரிக்காவில் படிக்கிற பத்து வயதுப் பெண்ணுக்கு ஹாலோவீன் வேண்டாமாமா? இதை நீங்கள் நம்பவும் செய்தீர்களா? பெரியவர்கள் புலம்பிய பில்லில் தன் பங்கைத் தானே கழித்துக் கொடுத்திருக்கிறாள் அந்தக் குழந்தை. நீங்களும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

நானும் மூத்தவள்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு தீபாவளிக்கு, “எனக்குப் போன வருஷப் பாவாடையே போதும்” என்றேன். வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அந்தப் பேச்சு இனித்ததால் அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். பாவாடை அதற்குள் கணுக்காலை விட்டு ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. எல்லாரும் தங்கையின் புதுச் சட்டையில் சரிகை நன்றாயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வரவு செலவு பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்கிற கட்சிதான் நானும். தெரியட்டும், ஆனால் மூன்று பேருக்கும் தெரியட்டும். குறைந்தால் மூன்று பேருக்கும் சேர்த்துக் குறையட்டும். ஒருத்தி விட்டுக்கொடுத்து மற்ற இரண்டு பேர் வேஷம் கட்டினால், பை தூக்க அக்கா இருக்கிறாள் என்று உங்கள் பையன்கள் பழகிக்கொள்வார்கள். நாளைக்கு அவர்களைக் கட்டிக்கொண்டு வருகிறவள் எனக்குக் கடிதம் எழுதுவாள்.

நம்ம குலசேகரன்பட்டினம் தசராவில் காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுத்து, அதை முத்தாரம்மன் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வேஷம் கட்டியவர் தானேதான் கையேந்த வேண்டும். நியூ ஜெர்சியில் மிட்டாய் கேட்கப் போகிற பையன்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? ஆளுக்கொரு பை, அவரவர் பை அவரவர் கையில்.

அப்புறம் இருட்டு. அக்டோபர் 31 அன்று உங்கள் ஊரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கறுப்புச் சட்டை போட்ட நாலு வயதுப் பிள்ளையைப் பத்து வயதுப் பிள்ளை கைப்பிடித்து ரோடு தாண்ட வைப்பதா? உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில், பில்லைப் பற்றிப் பேசத்தான் வருகிறார். அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு நடக்கச் சொல்லுங்கள். மிட்டாய் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு வாசலில் நீங்கள் ஒருத்தியே கொடுத்துக்கொள்ளலாம்.

முதலில் மகளைத் தனியாகக் கூப்பிடுங்கள். “அந்தப் பில் எங்கள் பாடு, உன் பாடு இல்லை” என்று சொல்லிவிட்டு, என்ன தீம் என்பதையே அவளை முடிவு செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவள் இஷ்டம். சிக்னலே பிடித்திருந்தால் கேளுங்கள்.

ஃபெல்ட் நெய்த துணி இல்லை, வெட்டின ஓரம் பிரியாது. அதனால் மடித்துத் தைக்கிற வேலையே கிடையாது. கைவேலைக்கு விற்கிற ஷீட் 9க்கு 12 அங்குலம் இருக்கும். டிபன் தட்டைக் கவிழ்த்து வரைந்தால் ஒரு ஷீட்டுக்கு ஒரு வட்டம். பெரிய பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சட்டையின் உள்பக்கத்திலிருந்து நாலு ஊக்கு குத்தினால் போதும், மறுநாள் கழற்றிவிட்டு அதே சட்டையைப் பள்ளிக்குப் போடலாம். சின்னவனுக்கு ஊக்கு வேண்டாம், திறந்துகொண்டால் வயிற்றில் குத்தும். துணிப் பசை தடவி, மேலே கனமான புத்தகத்தை வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். அந்தச் சட்டை கறைபடும், அதனால் பழையதாக எடுங்கள். இஸ்திரி போட்டு ஒட்டுகிற டேப்பும் கிடைக்கிறது. ஆனால் செயற்கை ஃபெல்ட் சூட்டில் உருகும், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துத் தேயுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கி வைத்திருந்தால் பிள்ளை சட்டையைப் போட்டிருக்கும்போது கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். முதுகிலும் கையிலும் ஒளி பட்டால் மின்னுகிற டேப்பை ஒட்டிவிடுங்கள், வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிய அதுதான் வழி. முகமூடி வேண்டாம், படி தெரியாது. குளிருக்கு உள்ளே ஒரு சட்டை கூடப் போட இடமிருக்கட்டும்.

புடவைக் கேப் வேண்டவே வேண்டாம். வாசலுக்கு வாசல் குடைந்த பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரியும், நைலான் புடவைத் தலைப்பு பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. மகள் வரச் சம்மதித்தால், மிச்சமிருக்கிற நிறம் என்று மஞ்சளை அவள் தலையில் கட்டாதீர்கள். சிக்னலில் சிவப்பு மேலே, மஞ்சள் நடுவில், பச்சை கீழே. பிள்ளைகளை உயரப்படி நிறுத்திப் பாருங்கள், சிவப்பு அவளுக்குத்தான் வருகிறது. பெரியவன் தனக்குத்தான் வேண்டும் என்று அழுவான். கொஞ்ச நேரம் அழட்டும்.