போர்த் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: ஓவர்கிளாக் செய்த (நிர்ணயித்ததைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடவைத்த) என் கணினியின் பிராசஸர் வெப்பம் கோடையில் 95 டிகிரியைத் தொடுகிறது. முதன்முறையாக வாட்டர் கூலிங் (நீரைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் முறை) அமைக்கப் பாகங்கள் வாங்கியுள்ளேன். வீட்டுப் போர்த் தண்ணீரை வடிகட்டி ஊற்றலாமா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஊற்றவே கூடாது. நிலத்தடி நீரில் கரைந்துள்ள உப்பு துணியில் வடிகட்டினால் போகாது. பிராசஸர்மேல் பொருத்தி அதன் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக்கினுள் மிக நெருக்கமாக அமைந்த செம்புத் தகடுகளுக்கிடையே அது படிந்து, நாளடைவில் நீரோட்டத்தையே அடைத்துவிடும். பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்த, இதற்கென்றே விற்கும் கூலன்ட்டை (குளிர்விக்கும் திரவத்தை) வாங்குங்கள். வண்ணக் கலவைகள் பார்க்க அழகுதான், ஆனால் சில வகைகள் கசடாகப் படிவதால் முதல் அமைப்புக்கு நிறமற்றதே நல்லது.

அதைவிட முக்கியமாக, நீரின் வெப்பத்தைக் காற்றில் வெளியேற்றும் ரேடியேட்டர் எந்த உலோகத்தால் ஆனது என்று பாருங்கள். பிளாக் செம்பாகவும் ரேடியேட்டர் அலுமினியமாகவும் இருந்தால், ஒரே நீரில் இரண்டும் நனையும்போது மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படும். அப்படியிருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

பம்ப் வறண்டு ஓடினால் கெட்டுவிடும் என்பதால் நீர்த்தொட்டி அதற்கு மேலே இருக்கட்டும். நீர் நிரப்பியதும் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மூட்டின் அடியிலும் டிஷ்யூ பேப்பரை விரித்து, பம்பை மட்டும் ஒரு நாள் முழுவதும் ஓடவிடுங்கள். தாளில் ஈரப்புள்ளி தெரிந்தால் அந்த மூட்டைச் சரிசெய்து மீண்டும் சோதியுங்கள்.

இவ்வளவு செய்தாலும் தண்ணீர் அறை வெப்பநிலைக்குக் கீழே குளிராது. ஏசி இல்லாத அறையென்றால், அக்னி நட்சத்திரம் முடியும்வரை ஓவர்கிளாக் வேகத்தையும் வோல்டேஜையும் சற்றுக் குறைத்து வையுங்கள்.