ஜெர்மனியில் எடுரோம் வைஃபை என் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் இணையவில்லை. 'டொமைன்' என்று கேட்கும் இடத்தில் என்ன போடுவது?

கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். முதுகலை படிக்க வந்திருக்கிறீர்கள். லேப்டாப்பில் எடுரோம் (பல்கலைகள் சேர்ந்து நடத்தும் பொது வைஃபை) கிடைக்கிறது, போனில் டொமைன் கேட்டு நிற்கிறது, 'சேமி' பட்டன் மங்கலாகவே இருக்கிறது. சீனியர்கள் 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் போனில் அந்தத் தேர்வே இல்லை.

போனில் கோளாறு எதுவும் இல்லை. 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட்டில் கூகுள் தன் பிக்சல் போன்களிலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. மற்ற கம்பெனிகளில் பலவும் பின்னால் வந்தன. எடுத்தது சரிதான் என்பேன். 'எங்களுக்கு இதுநாள் வரை ஒன்றும் ஆகவில்லையே' என்று கமென்டில் எழுதப்போகிறவர்கள் அடுத்த பத்தியையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

எடுரோமில் உங்கள் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது அந்த இடத்து வைஃபை கருவி அல்ல, உங்கள் பல்கலையின் ரேடியஸ் சர்வர் (உள்நுழைவைச் சரிபார்க்கும் கணினி). பெர்லினில் படிக்கிறவர் மியூனிக்கில் போனைத் திறந்தாலும் கோரிக்கை டிஎஃப்என் (ஜெர்மன் பல்கலைகளை இணைக்கும் ஆய்வு வலையமைப்பு) வழியாக பெர்லினுக்குத்தான் போகும். இந்தியாவில் எர்நெட், இலங்கையில் லேர்ன் செய்வதும் இதே வேலைதான். பாஸ்வேர்டை அனுப்பும் முன் போன் அந்த சர்வரோடு ஒரு மறைகுறிப் பாதை போடுகிறது. அப்போது சர்வர் நீட்டும் சான்றிதழை யார் கையெழுத்திட்டது, அதில் யார் பெயர் இருக்கிறது என்ற இரண்டையும் போன் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், பக்கத்து மேசையில் ஒருவன் லேப்டாப்பில் 'எடுரோம்' என்ற பெயரிலேயே ஒரு வைஃபை போட்டு உட்கார்ந்தால் உங்கள் போன் தானாகப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் பல்கலை வைத்திருப்பது பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் டிடிஎல்எஸ்-பாப் முறை என்றால் அது நேராக அவன் கையில். பாஸ்வேர்டை மறைத்து அனுப்பும் எம்எஸ்சாப் வி2 என்றால் அவன் கொஞ்சம் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். அதை உடைப்பது டிஇஎஸ் என்ற பழைய மறைகுறி முறையின் ஒரே ஒரு சாவியை உடைக்கும் வேலைதான் என்று 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டிலேயே காட்டிவிட்டார்கள். பல பல்கலைகளில் மெயிலுக்கும் தேர்வுப் பதிவுக்கும் இதே பாஸ்வேர்டுதான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி படிவம். முதலில் ஏற்கெனவே போட்டுவைத்த எடுரோமை 'மறந்துவிடு' கொடுத்து நீக்குங்கள். ஈஏபி முறை (உள்நுழையும் வழி) என்ற வரியில் பீப், ஃபேஸ் 2-இல் எம்எஸ்சாப் வி2. (எல்லாப் பல்கலையும் பீப் இல்லை என்று அட்மின்கள் சண்டைக்கு வர வேண்டாம். டிடிஎல்எஸ் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஐடி பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கு.) சிஏ (சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம்) சான்றிதழில் 'சிஸ்டம் சான்றிதழ்களைப் பயன்படுத்து'. 'ஆன்லைன் சான்றிதழ் நிலை' என்று ஒரு வரி வரும். இணையும் வரை போனுக்கு நெட்டே கிடையாது, அதனால் அங்கே 'சரிபார்க்க வேண்டாம்' வைப்பதில் தவறில்லை. மேலே நான் திட்டியது வேறு.

டொமைனில் ரேடியஸ் சர்வரின் பெயர். ஐடி பக்கத்தில் எடுரோம் பகுதியில் கொடுத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு பெயரைப் பின்பக்கத்திலிருந்து பொருத்திப் பார்ப்பதால், பல்கலையின் வலைமுகவரியில் டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்குப் பின்னால் வரும் பகுதியை மட்டும் (பல்கலையின் பெயரும் .de-யும் சேர்த்து) போட்டாலும் பெரும்பாலும் போதும். முன்னால் ஆட் குறி, எச்டிடிபிஎஸ் எதுவும் கூடாது. இந்த வரியை ஏன் காலியாக விட முடியாது என்றால், சிஸ்டம் பட்டியலில் நூற்றுக்கு மேல் சான்றிதழ் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றிடம் தன் சொந்த டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கிய எவனும் உள்ளே வந்துவிடலாம்.

ஐடென்டிட்டியில் ஆட் குறியோடு முழுப் பயனர்பெயர். இது மெயில் முகவரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல இடங்களில் ஆட் குறிக்குப் பின்னால் வைஃபைக்கென்று தனிப் பின்னொட்டு உண்டு. ஆட் குறி இல்லாமல் போட்டாலும் சொந்த வளாகத்தில் சில சமயம் வேலை செய்துவிடும், அதுதான் வம்பு. பக்கத்து ஊர்ப் பல்கலையின் நூலகத்தில் போய் உட்கார்ந்ததும் நின்றுவிடும், ஏனென்றால் கோரிக்கையை எந்த ஊருக்கு அனுப்புவது என்று அங்கே தெரியாது. 'நம் வளாகத்தில் கிடைக்கிறது, வெளியே கிடைக்கவில்லை' என்றால் முதலில் இங்கேதான் கை வையுங்கள். அனானிமஸ் ஐடென்டிட்டியில் அனானிமஸ், ஆட் குறி, அதே பின்னொட்டு. பெயரை ஒட்டினால் கடைசியில் ஒரு ஸ்பேஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டு தானாகப் போடும், கண்ணுக்குத் தெரியாது.

இத்தனையும் சரியாக இருந்தும் சான்றிதழில் மாட்டுகிறது என்றால், உங்கள் பல்கலை போனின் பட்டியலில் இல்லாத ஒரு மூலச் சான்றிதழை வைத்திருக்கலாம். ஐடி பக்கத்திலிருந்து அந்தக் கோப்பை இறக்கி, பாதுகாப்பு அமைப்புகளில் 'சான்றிதழை நிறுவு' என்பதற்குள் 'வைஃபை சான்றிதழ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலேயே 'சிஏ சான்றிதழ்' என்று ஒன்று இருக்கும், எல்லோரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். அங்கே நிறுவினால் பெரிய எச்சரிக்கை ஒன்று வரும், வைஃபை படிவத்தின் பட்டியலில் மட்டும் சான்றிதழ் வராது. சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பில் 'டாய்ச்ச டெலிகாம் ரூட் சிஏ 2' என்று இருந்தால் அதை அழித்துவிடலாம். அந்தச் சான்றிதழ் 2019 ஜூலையோடு காலாவதி.

இந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம் என்றால் கெட்எடுரோம் ஆப் இருக்கிறது. பல்கலையைத் தேர்ந்தெடுத்தால் சான்றிதழ், டொமைன், பின்னொட்டு எல்லாவற்றையும் அதுவே நிரப்பும். மொபைல் டேட்டாவிலோ வீட்டு நெட்டிலோ வைத்துச் செய்யுங்கள். கையால் போட்ட பழைய எடுரோம் இருந்தால் ஆப்பால் அதன்மேல் எழுத முடியாது, அதை நீக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வேலை முடிந்ததும் ஆப்பை அழித்துவிடாதீர்கள், பல போன்களில் அமைப்பும் சேர்ந்து போய்விடும். உங்கள் பல்கலை டிஎஃப்என்னின் ஈஸிரோம் என்ற சேவைக்கு மாறியிருந்தால் கதையே வேறு: அங்கே பாஸ்வேர்டு கிடையாது, கருவிக்கொரு சான்றிதழ். மேலே சொன்ன படிவத்தில் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் இணையாது, அவர்கள் ஆப்பில் செய்வதே எளிது.

பாஸ்வேர்டு விஷயத்தில் இரண்டு ஜெர்மன் வம்புகள். நூலகக் கணினியில் உட்கார்ந்து முதல் பாஸ்வேர்டை அமைத்தீர்களா? ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும், பாதிக் குறியீடுகளும் வேறு இடத்தில் இருக்கும். திரையில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால், பார்க்காமல் அடித்துப் பழகிய கைக்கு இரண்டு முறையும் ஒரே தவறு வரும், கணினியும் ஏற்றுக்கொள்ளும். உம்லாவுட் எழுத்துகளையும் தவிருங்கள், சில கருவிகள் அவற்றை வேறு விதமாக அனுப்புகின்றன. பாஸ்வேர்டு மாற்றும்போது போன், லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றிலும் முதலில் வைஃபையை அணைத்துவிட்டு மாற்றுங்கள். பையில் கிடக்கும் டேப்லெட் பழைய பாஸ்வேர்டை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் கணக்கே பூட்டிக்கொள்ளும். பிறகு போனில் சரியாகப் போட்டாலும் 'தவறு' என்றுதான் வரும்.

இணைந்துவிட்டது, நெட் மட்டும் வரவில்லை என்றால் ஐபி முகவரியைப் பாருங்கள். லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கினால் முகவரியே கிடைக்கவில்லை. வீட்டு ரூட்டருக்காக நிலையான ஐபி போட்டுவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' ஏதாவது ஒரு பெயரில் நின்றால் 'தானியங்கி'க்கு மாற்றுங்கள், விபிஎன்னை அணைத்துப் பாருங்கள். போனின் தேதி தவறாக இருந்தால் சான்றிதழ் சோதனையே தோற்கும்.

300 பேர் உட்காரும் வகுப்பில் மட்டும் நெட் நகரவில்லை என்றால் உங்கள் அமைப்பில் தேடாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்று நான்குதான். 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். சிக்னல் மைனஸ் 75 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலிமையின் அலகு) கீழே போயிருந்தால் வாசலில் பிடித்த வைஃபை கருவியையே போன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம், வைஃபையை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். ஹாட்ஸ்பாட் போட்டு உட்காரும் புண்ணியவான்கள்தான் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கெடுக்கிறார்கள்.

லேப்டாப்பில் உபுண்டு 22.04 (லினக்ஸ்) வைத்திருக்கும் நண்பருக்கு இணையவில்லை என்றால், அதில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற மறைகுறி மென்பொருள் பழைய ரேடியஸ் சர்வர்களோடு பேச மறுப்பது காரணமாக இருக்கலாம். நிரந்தரத் தீர்வு சர்வர் பக்கம்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'சரிபார்க்க வேண்டாம்' என்ற பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? ஊரில் எத்தனை கல்லூரி விடுதிகளில் வைஃபையைத் திறந்தால் ஒரு லாகின் பக்கம், அதன்மேல் சிவப்பில் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல', கீழே 'பரவாயில்லை, தொடர்' என்ற பட்டன்! நான்கு வருடம் தினமும் அதை அழுத்தவைத்துவிட்டு, கடைசி செமஸ்டரில் சைபர் பாதுகாப்பு என்று ஒரு பாடம் வைக்கிறார்கள். ஃபயர்வாலுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சரியான சான்றிதழ் போட என்ன செலவாகிவிடும்?

எதுவும் சரிப்படாமல் ஐடி உதவி மையத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் 'வைஃபை வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பயனர்பெயர், முயன்ற நேரம் நிமிடத்தோடு, கட்டிடமும் அறை எண்ணும், போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, அந்த நெட்வொர்க்குக்கு போன் காட்டும் மேக் முகவரி (வைஃபையில் கருவியை அடையாளம் காட்டும் எண்). கடைசியாகச் சொன்னதை எடுரோமின் விவரப் பக்கத்திலிருந்தே எடுங்கள். போனைப் பற்றிய பக்கத்தில் இருப்பது தயாரிப்பு முகவரியாக இருக்கலாம், ஆண்ட்ராய்டு 10 முதல் நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் போன் மாற்றிக்கொடுக்கிறது. இவ்வளவும் இருந்தால் ரேடியஸ் பதிவில் உங்கள் வரியைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள், அவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.